கால் மணிக்கு ஐந்து தினார்

மூன்று வாரமாய்ப் பிளக்கரைத் தொடவில்லை,
மூன்று நாளாய்க் கத்தரியையும்.
வேர் உள்ளே இருந்தால்தான் ஊசிக்கு வழி தெரியும்
என்று சொல்லியிருந்தாள் மரிசெல்.
ஆக, தாடையில் முளைத்ததோடுதான்
சரக்குக் கம்பெனிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன்.
டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்க வந்த டிரைவர்கள்
காகிதத்தைப் பார்ப்பதாய் நடித்தார்கள்.
ஒருவர் மட்டும் நடிக்கவில்லை.

மயிர் என்றால் வசை.
முடி என்றால் மன்னர் தலையில் இருப்பது.
இதை என்னவென்று சொல்ல?
மருத்துவர் ஹார்மோன் என்றார்.
மாமியார் கஸ்தூரி மஞ்சள் என்றார்.
லேசர் விற்றவள் ஆறே தடவை என்றாள்,
பன்னிரண்டு ஆயிற்று.
கறுப்பைத்தான் அது தேடித் தேடிச் சுடும்,
நரைத்ததற்கு அதற்குக் கண் தெரியாது.
முப்பத்தெட்டு வயதில்
தலைக்கு முன்னால் அங்கே நரைத்துவிட்டது எனக்கு.

குதைபியாவில், மொபைல் ரிப்பேர் கடைக்கு மேல்,
ஏசி சொட்டும் அறை.
வெளியே பெஞ்சில் இன்னொருத்தி, ஊர் தெரியவில்லை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வட்டக் கண்ணாடி விளக்கை முகத்துக்கு மேல் இழுத்து
ஈரத்துணி சுற்றிய கம்பியைக் கையில் கொடுத்தாள்.
அது நேர்மின்வாய்.
அவள் விரலிடுக்கில் இருக்கும் ஊசி எதிர்மின்வாய்.
பத்தாம் வகுப்பில் பீக்கர் படம் போட்டு
பாகங்களைக் குறித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.
நடுவில் இருக்கும் கரைசல் நான்தான் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

ஊசி தோலைக் குத்தாது.
முளைத்த துவாரத்தின் வழியே இறங்கும்.
அங்கிருக்கிற உப்பையும் ஈரத்தையும்
துளி மின்சாரம் காரமாக்கும்,
காரம் வேரைத் தின்னும்.
எறும்பு கடித்துவிட்டு
அங்கேயே நின்று யோசிப்பதுபோல் ஒரு வலி.
இசா, தலாவா என்று தன் மொழியில் பத்துவரை எண்ணுவாள்.
பிறகு இடுக்கியால் தொட்டால்
வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வழுக்கி வரவேண்டும்.
இழுக்க வேண்டியிருந்தால் சாகவில்லை என்று அர்த்தம்.
மறுபடி இசா.

இன்று தெரிவது இவ்வளவுதான், என்றாள்,
மிச்சம் உள்ளே தூங்குகிறது, எழுந்ததும் வா.
ஒன்றரை வருஷம் ஆகலாம்.
என் விசா பதினாலு மாதத்தில் முடிகிறது.
நிரந்தரம் என்று அச்சடித்த ஒரு தாளை
இந்தத் தீவில் என்னிடம் நீட்டியவள்
இவள் ஒருத்திதான்.
கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு நாள் வெயில் படக்கூடாது, என்றாள்.
ஆகஸ்ட் மாதம், மனாமா.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஞானசீலனுக்கு அலுமினிய உருக்காலையில் இரவு ஷிஃப்ட்.
அவர் வருவதற்குள் எழுந்து
குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பிடுங்கியே
பதினொரு வருஷம் போயிற்று.
இந்த மூன்று நாளும் சளி என்று சொல்லி மாஸ்க்.
மறுநாள் விடிகாலை தூங்கிப்போனேன், மாஸ்க் தலையணைக்கடியில்.

சிவந்த புள்ளிகளைப் பார்த்துக் கொசுவா என்றார்.
ஆமாம் என்றேன்.
பிறகு இல்லை என்றேன்.
பிறகு எல்லாவற்றையும்: கம்பி, ஊசி, உப்பு, தாழ்ப்பாள்.
பூட்ஸைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆம்பியர்?"
ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை.
"எங்க லைன்ல நாலு லட்சம்.
வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போவோம்,
நின்னுடும்."

அவ்வளவுதான் பேசினார்.
ஃபோன் டார்ச்சைப் போட்டு,
உருகிய உலோகத்தின் மேலேட்டைப் பார்க்கிற முகத்தோடு,
என் தாடையைத் தூக்கி ஒவ்வொன்றாய் எண்ணினார்.
நாப்பத்தி மூணு.

மரிசெல் அட்டையில் எழுதியிருந்தது நாற்பத்தொன்று.
மற்ற இரண்டும் மச்சம்.
கல்யாணத்துக்கு முன்பிருந்தே
அங்கேதான் இருக்கின்றன.